அம்மாவுக்கு மோஷன் கன்ட்ரோல் இல்ல, மேனோமெட்ரியும் அல்ட்ராசவுண்டும் எழுதிக் குடுத்திருக்காங்க – எடுத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க

தேனி_மகள்:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயசு 64, சுகர் இருக்கு, பல வருஷமா மெட்ஃபார்மின் போடுறாங்க. கொஞ்ச காலமாவே கல்யாணம் காதுகுத்துன்னு எங்க கூப்பிட்டாலும் வர்றதில்ல, பஸ்ல ஏற மாட்டேங்குறாங்க, கேட்டா முட்டி வலின்னு சொல்லிடுவாங்க, நாங்களும் அப்டித்தான்னு விட்டுட்டோம். ஒருநாள் மொட்டை மாடில வாட்டர் டேங்குக்குப் பின்னாடி பழைய காட்டன் சேலைய கிழிச்சு நாலா மடிச்சு வரிசையா காயப் போட்டிருக்கறத பாத்தப்பதான் விஷயமே தெரிஞ்சது. மோஷன் வருதுன்னு தோணுனா பாத்ரூம் போறதுக்குள்ள போயிடுதாம். தண்ணியா இருக்கற அன்னைக்கு சுத்தமா நிக்கறதில்ல, கெட்டியா இருந்தா சமாளிச்சிடறாங்க.

மதுரைல ஒரு கேஸ்ட்ரோ டாக்டர்ட்ட காட்டினோம். கொலோனோஸ்கோப்பி (பெருங்குடல்ல கேமரா விட்டுப் பாக்கறது), ஆனோரெக்டல் மேனோமெட்ரி (ஆசனவாய் தசையோட அழுத்தத்த அளக்கறது), எண்டோஏனல் அல்ட்ராசவுண்ட் (அந்தத் தசைய உள்ள இருந்து படம் எடுக்கறது)னு மூணு எழுதிக் குடுத்துட்டாரு. அம்மா வீட்டுக்கு வந்து ஒரே அழுகை, "அந்த எடத்துல குழாய் விட்டுப் பாக்கறதுக்கு நான் இப்டியே இருந்துட்டுப் போறேன்"ங்கறாங்க. இது மூணும் வேணுமா, வலிக்குமா, லேடீஸ் எடுப்பாங்களா, யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

சும்மா_படிப்பவன்:
64 வயசுல இதெல்லாம் சகஜம்ங்க. டெஸ்ட் எல்லாம் காசு புடுங்கற வேலை. அடல்ட் டயபர் வாங்கிக் குடுங்க, கீகல் எக்சர்சைஸ் (அடி இடுப்புத் தசைய இறுக்கற பயிற்சி) யூடியூப்ல இருக்கு, முடிஞ்சது.

நாலு_தையல்:
மேல சொன்னவருக்கு: உங்களுக்கு நடுரோட்டுல ஒரு தடவ நடந்தா சகஜம்னு சொல்லுவீங்களான்னு பாக்கறேன். எனக்கு 29 வயசுலேயே வந்தது, முதல் பிரசவம் முடிஞ்சு. வயசாச்சுன்னு சொல்லிச் சொல்லித்தான் இந்தப் பொம்பளைங்க எல்லாம் துணிய மடிச்சு வச்சுக்கிட்டு வீட்டுக்குள்ளயே கெடக்கறாங்க. தேனி அக்கா, அம்மாவ விட்றாதீங்க, நான் ரெண்டு டெஸ்டும் எடுத்தவ, ராத்திரி புள்ள தூங்கினதும் வந்து எழுதறேன்.

லேப்_அக்கா:
தேனி, நான் இந்த டெஸ்ட் எடுக்கற லேப்லதான் வேல பாக்கறேன், அதனால உள்ள என்ன நடக்கும்னு அப்டியே சொல்லிடறேன், அம்மாட்ட படிச்சுக் காட்டுங்க.

மேனோமெட்ரிக்கு மயக்க மருந்து கிடையாது, ஊசி கிடையாது. காலைல மோஷன் போயிட்டு வரச் சொல்லுவோம், சரியா போகலன்னா சின்ன இனிமா குடுப்போம், அவ்ளோதான். இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்து முட்டிய மடக்கிக்கணும். இடுப்புக்குக் கீழ போர்வை போத்திடுவோம், சேலைய மொத்தமா அவுக்க வேண்டியதில்ல. பென்சில விட மெல்லிசான ஒரு குழாய், ஜெல் தடவி உள்ள போகும். அதுல வரிசையா சென்சார் இருக்கும், நுனில ஒரு குட்டி பலூன். போட்ட உடனே எதுவும் அளக்க மாட்டோம், ஏன்னா எல்லாரும் பயத்துல இறுக்கிப் புடிச்சுக்கிட்டுத்தான் இருப்பாங்க, ஒரு அஞ்சு நிமிஷம் ஊரு என்ன பேரப்புள்ளைங்க எத்தனைன்னு பேசிக்கிட்டு இருப்போம். அப்புறம் சும்மா இருக்கும்போது எவ்ளோ அழுத்தம்னு பாப்போம், பிறகு "கேஸ அடக்கற மாதிரி இறுக்குங்க"ன்னு சொல்லி அதப் பாப்போம், எவ்ளோ நேரம் புடிச்சு வைக்க முடியுதுன்னும் பாப்போம். ஒரு தடவ இருமச் சொல்லுவோம், ஒரு தடவ முக்கச் சொல்லுவோம். கடைசில அந்த பலூன்ல சிரிஞ்சால கொஞ்சம் கொஞ்சமா காத்து ஏத்தி எப்ப முதல்ல தெரியுது, எப்ப போகணும்னு தோணுது, எப்ப இதுக்கு மேல முடியாதுன்னு கேட்டு எழுதிக்குவோம். எல்லாம் சேத்து அரை மணி நேரத்துல முடிஞ்சிடும். வலின்னு சொல்றவங்க ரொம்பக் குறைவு, கூச்சம்தான் பெருசு. எங்க லேப்ல பொம்பளைங்களுக்குப் பொம்பளைங்கதான் எடுக்கறோம், நீங்க போற எடத்துல புக் பண்ணும்போதே கேட்டுடுங்க, கேக்கறதுல தப்பே இல்ல.

எதுக்கு இவ்ளோன்னா, ஆசனவாயச் சுத்தி ரெண்டு தசை இருக்கு. உள் தசை நம்ம கைல இல்ல, அதுபாட்டுக்கு இருக்கும், சும்மா இருக்கும்போது வர்ற அழுத்தத்துல பெரும்பங்கு அதோட வேல. வெளி தசைய நம்மளே இறுக்க முடியும், அவசரம் வரும்போது புடிச்சு வைக்கறது அதுதான். தெரியாமலே கசிஞ்சு துணி நனையுதுன்னா பெரும்பாலும் உள் தசை மேல சந்தேகம், வர்றது தெரியுது ஆனா போய்ச் சேர முடியலன்னா வெளி தசை மேல சந்தேகம். உங்க அம்மா சொல்றது ரெண்டாவது ரகம். ஒண்ணு கேக்கறேன், அம்மாவுக்குப் பிரசவம் எப்டி ஆச்சு?

தேனி_மகள்:
அக்கா ரொம்ப நன்றி, அம்மாட்ட வாசிச்சுக் காட்டினேன், போர்வை போத்துவாங்கன்னதும் கொஞ்சம் மொகம் மாறிச்சு. பிரசவம் மூணு. மூத்தவ நானு, ஆயுதம் போட்டுத்தான் எடுத்தாங்களாம், ரெண்டு நாள் வலி, தையலும் நெறைய. தம்பிங்க ரெண்டு பேரும் சுகப்பிரசவம். ஆனா அது நடந்து நாப்பது வருஷம் ஆகப் போகுதே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

நாலு_தையல்:
வந்துட்டேன். சம்பந்தம் இருக்கு அக்கா. ஆயுதம் போட்ட பிரசவத்துல தசை கிழியற வாய்ப்பு ஜாஸ்தி. எனக்கு ஆனது நாலாம் டிகிரி கிழிசல், அதாவது வெளி தசை, உள் தசை, உள்ள இருக்கற மெல்லிய சவ்வு வரைக்கும் போயிடுச்சு, அங்கயே தச்சாங்க. ஆனா நெறைய பேருக்கு வெளில எதுவுமே தெரியாது, மேல தோல் தையல் ஆறிடும், உள்ள தசைல இடைவெளி அப்டியே நிக்கும். லண்டன்ல 1993ல வந்த ஒரு ஆய்வு இருக்கு, முதல் பிரசவம் முடிஞ்ச பொண்ணுங்கள ஆறு வாரம் கழிச்சு இந்த அல்ட்ராசவுண்ட்ல பாத்தப்ப 35 சதவீதம் பேருக்குத் தசைல பழுது இருந்துச்சு, அதுல பெரும்பாலானவங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல. இதான் விஷயம், சின்ன வயசுல மத்த தசை எல்லாம் தாங்கிக்கும், மாதவிடாய் நின்னு, சுகரும் வந்து, மோஷனும் தண்ணியாகும்போதுதான் பழைய கணக்கு வெளில வரும்.

அல்ட்ராசவுண்ட் டெஸ்ட் பத்தி: வெரல் தடிமன்ல ஒரு ப்ரோப் (படம் எடுக்கற குச்சி மாதிரி கருவி), காண்டம் மாட்டி ஜெல் தடவி விடுவாங்க, அது சுத்தி 360 டிகிரியும் படம் புடிக்கும். சில நிமிஷம்தான். எனக்கு டாக்டர் ஸ்க்ரீனத் திருப்பிக் காட்டினாங்க, உள் தசை கறுப்பு வளையமா தெரியும், அதுக்கு வெளில சாம்பல் வெள்ளைல இன்னொரு வளையம். என்னோடதுல முன்பக்கம் ரெண்டு வளையமும் அறுந்து கெடந்துச்சு. ரிப்போர்ட்ல கடிகாரக் கணக்குலதான் எழுதுவாங்க, முன்பக்கம் 12 மணி. எனக்கு "10 மணியிலிருந்து 2 மணி வரை"ன்னு இருந்துச்சு. அந்த ஒரு வரியப் பாத்ததுக்கப்புறம்தான் இது என் மனப்பிரமை இல்லன்னு மாமியார் வரைக்கும் எல்லாரும் வாய மூடுனாங்க.

சும்மா_படிப்பவன்:
சரி டயபர் பேச்சுக்கு மன்னிச்சிடுங்க. ஆனா கேள்வி கேள்விதான், கிழிஞ்சிருக்குன்னு தெரிஞ்சா மட்டும் 64 வயசுல ஆபரேஷன் பண்ணப் போறாங்களா? எப்டியும் எக்சர்சைஸ்தான சொல்லப் போறாங்க, அத இப்பவே செஞ்சிடலாமே?

பெல்விக்_பிசியோ:
நியாயமான கேள்வி, ஆனா யூடியூப் பாத்து செய்யறதுல ஒரு சிக்கல் இருக்கு. இறுக்குங்கன்னு சொன்னா என்கிட்ட வர்றவங்கள்ல நெறைய பேரு முக்கறாங்க, இல்லன்னா பின்பக்க சதையையும் தொடையையும் இறுக்கிட்டு மூச்ச வேற புடிச்சிக்கறாங்க. மூணு மாசம் தப்பாவே செஞ்சுட்டு எக்சர்சைஸ் கேக்கலன்னு வருவாங்க. டாக்டர் கிளவுஸ் போட்டு வெரல்ல பாத்தாலே இது ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும். இறுக்கத்தோட பலம், எவ்ளோ நேரம் நிக்குது, முக்கச் சொன்னா தளருதா, முன்பக்கம் மெலிஞ்சிருக்கா, எல்லாத்தையும் வெரலே சொல்லிடும். மெஷின விட மொதல்ல இதான் முக்கியம். தேனி, அந்த டாக்டர் வெரல் விட்டுப் பாத்தாரா?

தேனி_மகள்:
இல்லங்க. டேபிள்ல உக்காந்தே எழுதிக் குடுத்துட்டாரு. அம்மாவும் வாயத் தெறந்து சரியா சொல்லல, ஆம்பள டாக்டர்ங்கறதால நான்தான் பேசினேன்.

கரிசல்காட்டான்:
இந்த வெரல் விஷயத்துக்கு எங்க அப்பா கதைய சொல்லியே ஆகணும். அவருக்கு 80 தாண்டிடுச்சு, இடுப்பு உடைஞ்சு படுக்கைல இருந்தப்ப நாள் பூரா தண்ணியா கசிஞ்சுக்கிட்டே இருக்கும், பெட்ஷீட் மாத்தி மாத்தி எங்க அம்மா ஓஞ்சு போயிட்டாங்க. ஒரு ஆஸ்பத்திரில பேதின்னு முடிவு பண்ணி லோபரமைட் (பேதிய நிறுத்தற மாத்திரை) குடுத்தாங்க, கசிவும் நிக்கல, வயிறும் உப்பிக்கிட்டே போச்சு. சாப்பாடு எறங்கல. கடைசில ரிட்டயர்டு ஆன ஒரு வயசான சர்ஜன் வீட்டுக்கு வந்து பாத்தாரு, வேற எதுவும் கேக்கல, கிளவுஸ் இருக்கான்னு கேட்டாரு. பாத்துட்டு "உள்ள பூரா கெட்டிச்சுப் போய் அடைச்சுக்கிட்டு நிக்குது, மேல இருக்கற தண்ணிதான் பக்கவாட்டுல வழிஞ்சு வருது, இது பேதியே இல்ல"ன்னாரு. இனிமா, கைல எடுக்கறது, அப்புறம் மோஷன இளக்கற பவுடர், ஒரு வாரத்துல கசிவு நின்னுச்சு. மலச்சிக்கல்தான் கசிவா வருதுன்னு யாரு நெனப்பா. படுக்கைல இருக்கற பெரியவங்க வீட்டுல இருந்தா இத மட்டும் மறந்துடாதீங்க.

ஹாரோ_அக்கா:
வணக்கம், நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில நர்ஸா வேலை செய்யிறன், முந்தி கண்டினன்ஸ் கிளினிக்கில (அடக்க ஏலாத ஆக்களுக்கான கிளினிக்) இருந்தனான். தேனித் தங்கச்சி, இங்க எங்கட முறையைச் சொல்லுறன், பிழையா எடுக்காதேங்கோ. 2007இல வந்த நைஸ் (இங்க வைத்திய வழிகாட்டி எழுதிற அமைப்பு) வழிகாட்டியின்படி மெஷின் டெஸ்ட் முதல் வரிசையில இல்லை. முதல்ல ஆளோட இருந்து கதைக்கிறது, வெரலால சோதிக்கிறது, சாப்பாடு என்ன, என்னென்ன குளிசை, கக்கூஸ் எவ்வளவு தூரம், இதையெல்லாம் பாத்து சரிப்படுத்திறது. அதுக்குப் பிறகும் நிக்கேல்லை எண்டாத்தான் மேனோமெட்ரியும் அல்ட்ராசவுண்டும்.

ஒரு டயறி எழுதச் சொல்லுங்கோ. எப்ப போனது, எப்பிடி இருந்தது, கசிஞ்சதா, அவசரம் வந்து எவ்வளவு நேரம் தாங்க முடிஞ்சது, அதுக்கு முதல் என்ன சாப்பிட்டவா. எப்பிடி இருந்தது எண்டதுக்கு பிரிஸ்டல் அட்டை எண்டு ஒண்டு இருக்கு, 1 தொடக்கம் 7 வரைக்கும் படம் போட்டிருக்கும், 1 ஆட்டுப்புழுக்கை, 7 வெறும் தண்ணி. அம்மா வாயால சொல்ல வெக்கப்பட்டாலும் நம்பரை எழுதுவா. வெக்ஸ்னர் ஸ்கோர் எண்டும் ஒண்டு, கட்டி, தண்ணி, காத்து, துணி வைக்கிறது, வாழ்க்கையில மாற்றம் எண்டு அஞ்சு கேள்வி, ஒவ்வொண்டுக்கும் 0 முதல் 4, மொத்தம் 20. இங்க சென்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியில 1999இல அதையே கொஞ்சம் மாத்தி, 15 நிமிசம் அடக்க ஏலுமா எண்டதையும் சேத்து 24 ஆக்கினவை. சென்ட் மார்க்ஸ் 1835இல மூலம் பௌத்திரம் வந்த ஏழைகளுக்கெண்டு ஏழே ஏழு கட்டிலோட துவங்கின இடம், அந்தக் காலத்திலயே இந்த நோய்க்கெண்டு தனி ஆஸ்பத்திரி. எங்கட சனம் இப்பவும் குடும்ப டொக்டரிட்டயே இதைச் சொல்ல மாட்டினம், காச்சல் எண்டு வந்து கதவடியில நிண்டு மெல்லக் கேப்பினம்.

அம்மான்ர மெட்ஃபார்மினைப் பற்றி சுகர் டொக்டரிட்டக் கட்டாயம் கேளுங்கோ. வயித்தால போறதுக்கு அது ஒரு பெரிய காரணம், மெதுவாக் கரையிற வகைக்கு மாத்தினா பல பேருக்குக் குறையும். நீங்களா நிப்பாட்ட வேண்டாம்.

லேப்_அக்கா:
ஹாரோ அக்கா சொல்றத ஒத்துக்கறேன், ஆனா ஒரு விஷயத்துல மாறுபடறேன். கொலோனோஸ்கோப்பிய மட்டும் அந்த வரிசைல பின்னாடி தள்ளக் கூடாது. இந்த வயசுல மோஷன் பழக்கம் புதுசா மாறியிருக்கு, அது கட்டியா, குடல் புண்ணான்னு பாக்கணும். ரத்தம் போகுது, எடை குறையுது, ரத்த சோகைன்னா யோசிக்கவே வேண்டாம், உடனே. அத விட, ஸ்கோப்ல எல்லாம் நல்லாத் தெரிஞ்சாலும் தண்ணியா போறவங்களுக்கு சதை எடுத்து பயாப்சி அனுப்பச் சொல்லுங்க, கண்ணுக்குத் தெரியாம மைக்ராஸ்கோப்புல மட்டும் தெரியற ஒரு குடல் அழற்சி இருக்கு, அந்த வயசுப் பொம்பளைங்களுக்குத்தான் அதிகம் வருது.

இன்னொண்ணு, எல்லாரும் படிக்கறதால சொல்றேன். திடீர்னு கன்ட்ரோல் போச்சு, கூடவே முதுகு வலி, ஒண்ணுக்கு வரல, உக்கார்ற எடம் மரத்துப் போச்சுன்னா இந்த டெஸ்ட் எல்லாம் கிடையாது, அன்னைக்கே எமர்ஜென்சிக்குப் போய் முதுகுத்தண்டு எம்ஆர்ஐ எடுக்கணும். நரம்புக் கத்தை நசுங்கியிருக்கலாம், லேட் ஆனா திரும்ப வராது.

பௌத்திரம்_பட்டவன்:
ஆம்பளைங்களுக்கும் வரும்னு யாராவது சொல்லணும்ல, நான் சொல்றேன். எனக்கு ரெண்டு தடவ பௌத்திர ஆபரேஷன் ஆச்சு. முதல் தடவ சுவத்துல எழுதிப் போட்டிருக்கற "மூலம் பௌத்திரம் ஒரே நாளில்" ஆளுகிட்ட போய், அதுக்கப்புறம் பெரிய எடத்துல. இப்ப எனக்கு அவசரம் எல்லாம் இல்ல, போயிட்டு வந்து ஒரு மணி நேரம் கழிச்சு ஜட்டில கறை. கேஸ் சுத்தமா நிக்கறதில்ல, ஆபீஸ் மீட்டிங்ல உக்கார பயம். இறுக்கினா நல்லா இறுக்க முடியுது, அதனால டாக்டர் ஒண்ணுமில்லன்னுட்டாரு. நான் எந்த டெஸ்ட் எடுக்கணும்?

லேப்_அக்கா:
நீங்க சொல்றதப் பாத்தா உள் தசை வகையாத் தெரியுது, இறுக்கம் நல்லா இருந்து சும்மா இருக்கும்போது அழுத்தம் கம்மியா வரும். பௌத்திரம், வெடிப்புக்குப் பண்ற ஆபரேஷன்ல உள் தசை கொஞ்சம் வெட்டுப்படலாம். உங்களுக்கு அல்ட்ராசவுண்டுதான் அதிகம் சொல்லும், மிச்ச பௌத்திரம் இருக்கான்னு சந்தேகம்னா எம்ஆர்ஐ. சர்ஜன்கிட்ட பேசுங்க, நான் டாக்டர் இல்ல.

சும்மா_படிப்பவன்:
நரம்பு டெஸ்ட்டுன்னு ஒண்ணு எடுப்பாங்களே, கரண்ட் வச்சு. எங்க சித்திக்கு எடுத்தாங்க.

பெல்விக்_பிசியோ:
புடெண்டல் நரம்பு டெஸ்ட், ஆசனவாய் வெளி தசைக்குப் போற நரம்பப் பாக்கறது. கிளவுஸ் வெரல்லயே எலெக்ட்ரோடு ஒட்டி, நரம்பத் தூண்டி, எத்தனை மில்லிசெகண்ட்ல தசை துடிக்குதுன்னு பாப்பாங்க. அந்த நேரம் ரொம்ப ஜாஸ்தியானா நரம்பு தளர்ந்திருக்குன்னு சொல்லுவாங்க. ஆனா அதோட ரிசல்ட்ட வச்சு வைத்தியம் மாறறது கம்மி, பல எடத்துல விட்டுட்டாங்க. யாராவது இதுக்குத் தனியா காசு கேட்டா எதுக்குன்னு கேளுங்க. எல்லா டெஸ்டுக்கும் அந்த ஒரு கேள்விதான் என் கணக்கு, இதுல இப்டி வந்தா என்ன செய்வீங்க, அப்டி வந்தா என்ன செய்வீங்க? ரெண்டுக்கும் ஒரே பதில்னா அந்த டெஸ்ட் இப்ப வேண்டாம்.

தேனி_மகள்:
மறுபடியும் நான்தான், கொஞ்சம் லேட்டாயிடுச்சு. வேற ஒரு லேடி சர்ஜன்கிட்ட போனோம். அம்மாவ மட்டும் உள்ள கூப்பிட்டு ரொம்ப நேரம் பேசினாங்க, வெரல்லயும் பாத்தாங்க. டயரியப் பாத்துட்டு நேரா சுகர் ஃப்ரீ ஸ்வீட்டப் பத்திக் கேட்டாங்க! தம்பி வாங்கிக் குடுக்கற சுகர் ஃப்ரீ சாக்லேட்ட அம்மா தெனமும் சாப்பிட்டுட்டு இருந்திருக்காங்க, அதுல சர்க்கரைக்குப் பதிலா இருக்கற சார்பிட்டால் வயித்தக் கலக்குமாம். அத நிறுத்தி, சுகர் டாக்டர் மெட்ஃபார்மினயும் மெதுவா கரையற மாத்திரையா மாத்துனாரு, இசப்கோல் (நார்ச்சத்துப் பவுடர்) ராத்திரில. டயரில 6, 6, 7ன்னு இருந்தது இப்ப பெரும்பாலும் 4, 5. கசியறது பாதிக்கு மேல கொறஞ்சிடுச்சு.

கொலோனோஸ்கோப்பி நார்மல், பயாப்சியும் நார்மல். அதுக்கு முன்னாடி வயித்த சுத்தம் பண்ணப் பவுடர் கலந்த தண்ணி குடிக்கறதுதான் கொடுமையா இருந்துச்சு. மேனோமெட்ரில சும்மா இருக்கற அழுத்தம் பரவால்ல, இறுக்கம் கம்மி, அதுவும் அஞ்சு செகண்டுக்குள்ள எறங்கிடுது, பலூன் உணர்வு நல்லா இருக்கு. அல்ட்ராசவுண்ட்ல முன்பக்கம் 11ல இருந்து 1 வரைக்கும் வெளி தசைல பழைய தழும்பு. அம்மா அத கேட்டுட்டு என்னப் பாத்து "எல்லாம் ஒன்னாலதாண்டி"ன்னு சொல்லி சிரிக்கறாங்க.

சும்மா_படிப்பவன்:
பாருங்க, சாக்லேட்ட நிறுத்துனதுலேயே பாதி சரியாயிடுச்சு, அப்ப மெஷின் டெஸ்ட் இல்லாமலே ஆயிருக்கும்ல?

பெல்விக்_பிசியோ:
பாதி ஆயிருக்கும். மிச்சப் பாதிக்கு என்ன வழின்னு இப்பத்தான் தெரியுது. பலூன் உணர்வு நல்லா இருக்குங்கறது ரொம்ப நல்ல செய்தி, அப்டி இருக்கறவங்களுக்கு பயோஃபீட்பேக் நல்லா வேல செய்யும், ஸ்க்ரீன்ல கோடு மேல ஏறறதப் பாத்து இறுக்கப் பழகறது. தழும்பு சின்னது, அதனால தையல் போடற ஆபரேஷனப் பத்தி இப்ப யாரும் பேச மாட்டாங்க. பிரஷர் நம்பர் கூடுதா குறையுதான்னு ரொம்பப் பாக்காதீங்க, நம்பர் அப்டியே இருந்து கசிவு நின்னவங்களும் இருக்காங்க, டயரியத்தான் பாக்கணும்.

ஹாரோ_அக்கா:
நல்ல விசயம் தங்கச்சி. டயறியை விடாமல் எழுதச் சொல்லுங்கோ. வெளிய போற நாளில போறதுக்கு அரை மணித்தியாலம் முதல் லோபரமைட் எடுக்கலாமோ எண்டு அந்த டொக்டரிட்டக் கேளுங்கோ, சனம் பஸ்ஸில போறதுக்கு அது பெரிய உதவி. மலச்சிக்கல் இல்லை எண்டு வெரலால பாத்தாச்சுதானே.

பௌத்திரம்_பட்டவன்:
லேப் அக்கா, எனக்கும் அல்ட்ராசவுண்டும் மேனோமெட்ரியும் எழுதிட்டாங்க. சாப்பிட்டுட்டு வரலாமா? பழைய ஆபரேஷன் பேப்பர் எல்லாம் வேணுமா?

லேப்_அக்கா:
லேசா சாப்பிட்டுட்டு வரலாம், எங்க லேப்ல வெறும் வயிறு தேவையில்ல, உங்க எடத்துல ஒரு தடவ கேட்டுக்குங்க. ரெண்டு டிஸ்சார்ஜ் சம்மரியும் கொண்டு வாங்க, எந்தப் பக்கம் வெட்டுனாங்கன்னு தெரிஞ்சா படம் பாக்கறவருக்கு ஈசி. எம்ஆர்ஐ சிடி இருந்தா அதையும். ரப்பர் கிளவுஸ் பட்டா அரிக்கற ஆளுன்னா புக் பண்ணும்போதே சொல்லிடுங்க, பலூன் லேடெக்ஸ்ல இருக்கலாம், வேற பலூன் எடுத்து வைக்கணும்.